ஜவ்வாது மலையும் நியூட்டனின் இரண்டாம் விதியும்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தைத் தாண்டி மலைச்சாலையில் போனால் காவலூர் என்ற சிற்றூர் வரும். ஜவ்வாது மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாமை விளையும் மலை, பலா பழுக்கும் மலை, சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. இந்தக் காட்டுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள் சில நிற்கின்றன. இருட்டியதும் அவற்றின் கூரை திறக்கும். உள்ளே இருக்கும் தொலைநோக்கிகள் வானத்தை நோக்கித் திரும்பும். அதுதான் வைணு பாப்பு வானாய்வகம்.

வானியல் என்றதும் பலருக்கும் நட்சத்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பொறியியல் முதலாண்டு மாணவர்கள் படிக்கும் ஒரு வரிக்கும் இந்த மலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்த வரி இதுதான்:

விசை = நிறை × முடுக்கம்

தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிறை என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, முடுக்கம்தான் அதைக் காட்டிக் கொடுக்கும் என்ற உண்மை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டு வானியலின் 200 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்டினால் இந்த உண்மை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது.

விதி சொல்வது என்ன?

நியூட்டன் தன் 'பிரின்சிபியா' நூலை 1687இல் வெளியிட்டார். இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் அதன் மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், விசையின் திசையிலேயே நடக்கும் என்பதுதான் அவர் சொன்ன இரண்டாம் விதியின் சாரம். இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் சமன்பாட்டு வடிவத்தை அவர் அப்படியே எழுதவில்லை. அதை எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் பொது விதியாக, மூன்று திசைகளுக்கும் மூன்று சமன்பாடுகளாக எழுதிக் காட்டியவர் சுவிஸ் கணித மேதை ஆய்லர். ஆண்டு 1750. அதாவது விதி பிறந்து, பொறியாளர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தும் கருவியாக மாற 60 ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

விதியின் பொருள் எளிமையானது. சமதளச் சாலையில் ஓடும் ஒரு லாரியை நினைத்துப் பாருங்கள். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர். வெறும் லாரியாக இருக்கும்போது பிரேக் பிடித்தால் நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி 10 மீட்டரில் நின்றுவிடும். இப்போது சாமை மூட்டைகளை ஏற்றி மொத்த நிறையை இரண்டு மடங்கு ஆக்கினால்? பிரேக்கின் விசை அதேதான். நிறை இரட்டிப்பானதால் வேகம் குறையும் வீதம் பாதியாகிறது. நிற்க 20 மீட்டர் தேவை. மூட்டைகள் லாரியைத் தள்ளவில்லை. 'மாற மாட்டேன்' என்று அடம் மட்டும் பிடிக்கின்றன. இந்த அடத்துக்குப் பெயர்தான் நிலைமம். அதன் அளவுதான் நிறை.

அந்த அடத்தையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். அதற்குச் சென்னையில் ஒரு பழைய சாட்சி நிற்கிறது.

நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1792இல், சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் எழுந்தது. காவலூரின் மூதாதை என்று இதைச் சொல்லலாம். கப்பல் ஓட்டுவதற்கும் நாட்டை அளந்து வரைபடம் போடுவதற்கும் துல்லியமான நேரமும் தீர்க்கரேகையும் கம்பெனிக்குத் தேவைப்பட்டன. ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்தால் இரண்டும் கிடைக்கும்.

ஆனால் பார்க்கும் கருவி துளி நடுங்கினாலும் கணக்கு கெட்டுவிடும். எனவே கருவியைத் தாங்குவதற்குச் சுமார் 10 டன் எடையுள்ள ஒரே கருங்கல் தூணை நிறுத்தினார்கள். இன்றும் அந்தத் தூண் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டும் உண்டு.

ஏன் இவ்வளவு கனமான கல்? கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றோ, பக்கத்தில் நடப்பவரின் கையோ 10 நியூட்டன் விசையோடு இடிக்கிறது என்று வையுங்கள். 10 கிலோ எடையுள்ள மர முக்காலி என்றால் அதன் முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர். 10,000 கிலோ கல்தூண் என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூணை மண்ணில் ஆழமாகப் புதைத்தும் விட்டால் அந்த அசைவும் அடங்கிப் போகும். இங்கே நிறை என்பது காவல்காரன். எதையும் அசைய விடாது.

ஊசல் அளந்த முடுக்கம்

அதே ஆய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் என்பவர் 1821இல் ஊசல் ஒன்றை ஆடவிட்டு அதன் அலைவுகளை எண்ணினார். சென்னையில் சரியாக ஒரு நொடிக்கு ஒரு முறை ஆட ஊசலின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். முடிவுகள் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1822இல் வெளிவந்தன.

நீளமும் அலைவு நேரமும் தெரிந்தால் புவியீர்ப்பு முடுக்கம் தெரிந்துவிடும். சென்னையில் அது சுமார் 9.78. துருவத்தில் சுமார் 9.83. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் பூமி சரியான உருண்டை அல்ல, நடுவில் சற்றுப் பருத்தது, தன்னைத் தானே சுற்றுகிறது என்பதெல்லாம் இந்தச் சிறிய வித்தியாசத்தில் அடக்கம்.

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடமும் இதுதான். நிறை வேறு, எடை வேறு. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் வில்தராசில் நின்றால் துருவத்தைவிடச் சென்னையில் சுமார் 300 கிராம் குறைவாகக் காட்டும். அவர் உடம்பில் எதுவும் குறையவில்லை. நிறை அதே 60 கிலோ. முடுக்கம் மாறியதால் எடை, அதாவது பூமி இழுக்கும் விசை, மாறிவிட்டது.

கேப்டன் ஜேக்கப்பின் கணக்கு

கல்தூணும் ஊசலும் கையால் தொடக்கூடிய பொருள்கள். தொடவே முடியாத ஒன்றின் நிறையை எப்படி அறிவது? விதியைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு பொருளின் ஓட்டம் மாறுகிறது என்றால் அங்கே முடுக்கம் இருக்கிறது. முடுக்கம் இருந்தால் விசை இருக்கிறது. விசை இருந்தால் இழுக்கும் நிறை ஒன்று எங்கோ இருக்கிறது!

இந்த வழியில் நடந்த பெரிய வெற்றி நெப்டியூன். யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடவில்லை. அதை இழுக்கும் இன்னொரு கோள் எங்கே இருக்கும் என்று காகிதத்தில் கணக்கிட்டார்கள். 1846இல் தொலைநோக்கியைத் திருப்பியபோது கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே அது இருந்தது.

அந்த உற்சாகம் ஓயாத காலத்தில்தான் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் இருந்தார். பம்பாய் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் அவர். ஓபியூக்கஸ் விண்மீன் கூட்டத்தில் '70 ஓபியூக்கி' என்ற இரட்டை விண்மீன் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றில் கணக்குக்கு ஒத்துவராத விலகல்களை ஜேக்கப் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று 1855இல் எழுதினார். சூரியனைத் தவிர வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அறிவியல் முறைப்படி முன்வைக்கப்பட்ட மிகப் பழைய கூற்றுகளில் இதுவும் ஒன்று. அது எழுதப்பட்டது நம்ம சென்னையில்!

ஆனால் அந்தக் கோள் இல்லை. பின்னர் 1890களில் அமெரிக்க வானியலாளர் தாமஸ் சீ இதே விண்மீனுக்கு மறுபடியும் ஒரு துணையைச் சொன்னார். அப்படி ஒரு அமைப்பு நிலைத்து நிற்கவே முடியாது என்று 1899இல் மௌல்டன் காட்டினார். ஜேக்கப் கண்ட விலகல்கள் அன்றைய அளவீட்டின் பிழைக்குள் அடங்குபவை.

இதில் தவறு விதியில் இல்லை. முடுக்கத்தை அளப்பதில் பிழை வந்தால், விதி அந்தப் பிழையை அப்படியே ஒரு நிறையாக மாற்றிக் கொடுத்துவிடும். இல்லாத கோள் பிறந்தது அப்படித்தான். ஜேக்கப்பின் வழி சரியானது என்பதற்கு 1995இல் சான்று கிடைத்தது. மிஷேல் மேயர், டிடியே குவெலோஸ் இருவரும் '51 பெகாசி' விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை அளந்து அதன் கோளைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் நோபல் பரிசும் பெற்றார்கள். யோசனை ஏறக்குறைய அதேதான். 140 ஆண்டுகளில் மாறியது கருவியின் துல்லியம்.

எனவே நல்ல கருவி வேண்டும், நல்ல வானம் வேண்டும். இந்தத் தேடல்தான் கதையை ஜவ்வாது மலைக்குக் கொண்டுவருகிறது.

பாப்பு தேர்ந்த மலை

சென்னையின் வானியல் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே முக்கிய வேலை சூரியனை ஆராய்வது. 1960இல் அதன் இயக்குநராக வந்தார் மணாலி கல்லட் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1949இல், மாணவராக இருந்தபோதே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்.

இரவு வானத்தை ஆராய கொடைக்கானலின் மேகங்கள் இடைஞ்சல். பாப்பு வேறு இடம் தேடினார். ஜவ்வாது மலையில் காவலூர் கிடைத்தது. நகர வெளிச்சம் இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 12.5 பாகை வடக்கே மட்டும் இருப்பதால் வட வானமும் தென் வானமும் தெரியும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் செய்ஸ் ஜெனா நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

பாப்புவின் ஆசை அதோடு நிற்கவில்லை. பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று விரும்பினார். அப்படி உருவானதுதான் 2.34 மீட்டர் தொலைநோக்கி. கண்ணாடிக் கட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில். இயந்திரப் பாகங்களைச் செய்தது மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலை.

பல டன், முள்ளைவிட மெதுவாக

இங்கேதான் நிறையின் இன்னொரு முகம். நுங்கம்பாக்கத்தில் நிறை அசையக் கூடாது. காவலூரில் பல டன் நிறை அசைய வேண்டும். அதுவும் எப்படி? பூமி சுற்றுவதால் விண்மீன்கள் மேற்கே நகர்கின்றன. தொலைநோக்கி அவற்றைத் தொடர வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 23 மணி 56 நிமிடம். கடிகாரத்தின் சின்ன முள்ளே 12 மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். தொலைநோக்கி அதில் பாதி வேகம்தான்!

இவ்வளவு கனமான பொருளை இரவு முழுக்கத் திருப்பப் பெரிய மோட்டார் வேண்டும் என்று தோன்றும். இல்லை. வேகம் மாறாமல் சீராக இருந்தால் முடுக்கம் பூஜ்யம். முடுக்கம் பூஜ்யம் என்றால் தேவைப்படும் நிகர விசையும் பூஜ்யம். மோட்டார் உராய்வையும் காற்றின் தள்ளலையும் சமாளித்தால் போதும். 1948இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கியின் அசையும் பாகம் சுமார் 530 டன். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் அதை விண்மீனோடு திருப்பும் மோட்டாரின் திறன், ஒரு குதிரைத்திறனில் 12இல் ஒரு பங்குதான். வீட்டு மிக்ஸியின் மோட்டார்கூட அதைவிடப் பெரியது! பாப்பு 1950களின் தொடக்கத்தில் கார்னகி ஆய்வுதவி பெற்று மவுண்ட் வில்சன், பாலோமர் ஆய்வகங்களில் பணியாற்றியவர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

'ஓடிக்கொண்டிருக்க விசை வேண்டும்' என்பது அரிஸ்டாட்டில் காலத்து எண்ணம். 'மாறுவதற்குத்தான் விசை வேண்டும்' என்பது நியூட்டன். தொலைநோக்கிப் பொறியியல் முழுக்க இந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு விண்மீனை விட்டு இன்னொன்றுக்கு வேகமாகத் திரும்பி, குலுங்காமல் நிற்க வேண்டும். திரும்பும் பொருளுக்கு விதி கொஞ்சம் உருமாறுகிறது. விசைக்குப் பதில் திருப்பு விசை. நிறைக்குப் பதில் நிலைமத் திருப்புத்திறன். இதில் அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம் சேர்கிறது. குழாயின் நுனியில் 1 கிலோ கூட்டினால், அச்சுக்குப் பாதி தூரத்தில் 4 கிலோ கூட்டியதற்குச் சமம். அதோடு, ஒரு பக்கம் கனம் கூடினால் புவியீர்ப்பே தொலைநோக்கியைச் சாய்க்கப் பார்க்கும். எனவே எடைகளை வைத்துச் சமன் செய்தாக வேண்டும்.

துல்லியம் எவ்வளவு வேண்டும்? இந்தத் தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு, சுமார் 0.037 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பல டன் இயந்திரம் அந்த அளவுக்குத் தடுமாறினாலே புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் கோடாக இழுபடும்.

அந்த இயந்திரம் முழுமையாவதைப் பாப்பு பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக் நகரில் காலமானார். வயது 55. விட்ட இடத்திலிருந்து உடன் உழைத்தவர்கள் வேலையை முடித்தார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது. 2016இல் உத்தரகாண்டின் தேவஸ்தல் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும் வரை, 30 ஆண்டுகள் இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி இதுதான்.

பலாப்பழமும் யுரேனஸ் வளையமும்

கருவி ஒருபுறம் இருக்கட்டும். காவலூர் வானத்தில் பார்த்தவற்றிலும் அதே விதிதான்.

நியூட்டனுக்கு ஆப்பிள் என்றால் ஜவ்வாது மலைக்குப் பலாப்பழம். 10 கிலோ பழத்தைப் பூமி 98 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 1 கிலோ பிஞ்சை 9.8 நியூட்டனோடுதான் இழுக்கிறது. ஆனால் முடுக்கம் இரண்டுக்கும் ஒன்றே. பெரிய நிறையை அதிக விசை இழுக்கிறது. பெரிய நிறை அதே அளவு அதிகமாக அடமும் பிடிக்கிறது. இரண்டும் கழிந்துவிடுகின்றன. நிலவும் இப்படி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அது பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தூரத்தில் இருப்பதால் முடுக்கம் 3,600இல் ஒரு பங்கு, சுமார் 0.0027.

இதிலிருந்து ஒரு வினோதம் கிடைக்கிறது. சுற்றும் பொருளின் முடுக்கம் அதன் சொந்த நிறையைச் சொல்லாது. இழுக்கும் பொருளின் நிறையைத்தான் சொல்லும். பூமியை எடை போட நிலவு உதவும். யுரேனஸை எடை போட அதன் துணைக்கோள்கள் உதவும். விடை: பூமியைப் போல் சுமார் 14.5 மடங்கு.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைப் பார்க்கக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி காத்திருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அளந்தார்கள். கோளின் வட்டுக்கு வெளியிலேயே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. அதே இரவில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழு இத்தகைய மங்கல்களைக் கோளின் இருபுறமும் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரிந்தது.

கூழாங்கல்லோ பாறையோ, ஒரே தூரத்தில் இருந்தால் ஒரே முடுக்கம் என்பதால்தான் பல அளவுக் கற்கள் ஒரே வளையமாகச் சேர்ந்து ஓட முடிகிறது. சற்று நீள்வட்டமான வளையங்கள் மெல்லத் திசை திரும்புவதை அளந்து, யுரேனஸுக்குள் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் பின்னர் கணக்கிட்டார்கள். பாப்புவின் பெயர் சூட்டிய அதே 1986 ஜனவரியில், 24ஆம் தேதி, வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. மிகப் பிரகாசமான வளையத்தின் இரு ஓரங்களிலும் இரண்டு குட்டித் துணைக்கோள்களைக் கண்டது. அவற்றின் சின்னஞ்சிறு இழுப்புதான் வளையத்தைச் சிதறாமல் காக்கிறது.

1988இல் ஆர். ராஜமோகன் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு கணித மேதை இராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. எண் 4130. அதன் நிறை தெரியாமலேயே அதன் பாதையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். காரணம் மேலே சொன்னதுதான். நிறை கழிந்துவிடுகிறது.

ஒரே வரி

கல்தூணை நிறுத்தியவர்கள், ஊசலை எண்ணியவர், இல்லாத கோளைக் கணக்கிட்டவர், இருக்கும் வளையத்தைப் பதிந்தவர்கள், பல டன் இயந்திரத்தைச் சீராகத் திருப்பியவர்கள்... எல்லோரும் பயன்படுத்தியது ஒரே வரி. அதைச் சரியாகப் பயன்படுத்துவதற்கு முடுக்கத்தை ஒழுங்காக அளக்க வேண்டும். அளவு தவறினால் ஜேக்கப்புக்கு நேர்ந்ததுபோல இல்லாத கோள் தெரியும். அளவு சரியாக இருந்தால் யாரும் பார்த்திராத வளையம் தெரியும்.

இரண்டு மதிப்பெண் கேள்விதான். ஆனால் அந்த அளவைச் சரியாக எடுக்கும் கருவிக்காகத்தான் ஒருவர் கடைசிவரை உழைத்தார். அவர் பார்க்காத தொலைநோக்கி இன்றும் ஜவ்வாது மலையில் விண்மீன்களோடு சேர்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது.